ஆர்மேனியாவிலிருந்து கொல்கத்தாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்

கொல்கத்தாவில் மிர்சா காலிப் தெரு என்று பெயர் மாற்றிய பிறகும் ஊர்க்காரர்கள் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றே சொல்லும் தெருவில், 1821-இல் தொடங்கிய ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. ஆர்மேனியன் காலேஜ் அண்ட் ஃபிலந்த்ராபிக் அகாடமி என்று பெயர். பெயரில் காலேஜ் இருந்தாலும் பள்ளிதான், அதுவும் விடுதியோடு கூடிய பள்ளி. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811-இல் பிறந்த வீடு அந்த வளாகத்தில்தான் இருந்தது என்பதால், வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தாக்கரே குழந்தையாக இருந்தபோதே ஊரைவிட்டுப் போய்விட்டார். பள்ளி 200 வருடம் தாண்டி அங்கேயே இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கொல்கத்தாக்காரர்கள் இல்லை. ஆர்மேனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்தவர்கள். அப்பா அம்மா அங்கே இருக்க, இவர்கள் விமானம் ஏறி வந்து விடுதியில் தங்கி, ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தில் படித்து, சாயங்காலம் ரக்பி ஆடி, ஞாயிற்றுக்கிழமை நகரத்து ஆர்மேனியத் தேவாலயங்களில் பாடுகிறார்கள். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் காசு கிடையாது. நகரத்தில் சொந்த வீடு வாசலோடு வாழும் ஆர்மேனியர்கள் இன்று சில நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

கொஞ்சம் யோசித்தால் இது தலைகீழாகத் தெரியும். புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று பள்ளி நடத்துவது எதற்காக? ஊரைவிட்டு வந்துவிட்டோம், பிள்ளைகள் மொழியை மறந்துவிடக் கூடாது, யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அதற்காக. ஆனால் தாய்நாட்டிலேயே பிறந்து, தாய்மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற பிள்ளையை இன்னொரு நாட்டிலுள்ள புலம்பெயர் பள்ளிக்கு அனுப்புவது எதற்காக?

இதற்குப் பதில் பள்ளியின் இணையதளத்தில் "எங்கள் நோக்கம்" என்ற பக்கத்தில் கிடைக்காது. அந்தப் பக்கத்தில் உலகத்தின் எல்லாப் புலம்பெயர் பள்ளிகளும் ஒரே வார்த்தைகளைத்தான் போட்டு வைத்திருக்கின்றன: மொழி, மரபு, நம்பிக்கை, நல்ல குடிமக்கள். ஒரு பள்ளியின் கல்விக் கனவு என்ன என்று தெரிய வேண்டுமானால் வேறு விஷயங்களைக் கேட்க வேண்டும். எந்தப் பயத்தில் அதை ஆரம்பித்தார்கள்? யார் பணம்? அங்கே கணக்குப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது? ஆர்மேனியர்களின் பள்ளிகளை இந்தக் கேள்விகளோடு பார்த்தால், கனவு நூறு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாறியிருப்பது தெரியும். நடுவில் நம் சென்னையும் வருகிறது.

கதை ஈரானில் தொடங்குகிறது. 1604, 1605 வாக்கில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்ஃபா என்ற ஊரின் ஆர்மேனியர்களைக் கிளப்பிக்கொண்டு போய் இஸ்ஃபஹான் அருகே குடியேற்றினார். பட்டு வணிகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தப் புது ஊர், நியூ ஜூல்ஃபா, அடுத்த நூறு ஆண்டுகளில் சூரத், மதராஸ், கல்கத்தா, மணிலா, ஆம்ஸ்டர்டாம் வரை வணிகர்களை அனுப்பியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கோஸ்தாந்த் என்ற ஆசிரியர் வணிகர் வீட்டுப் பையன்களுக்குப் பள்ளி நடத்தினார். அவர் தொகுத்த கையேடு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். அதில் இருப்பது என்ன? எந்த ஊரில் எந்த எடை, எந்த அளவை, எந்த நாணயம், எந்தச் சரக்கு எங்கே விலை போகும், கணக்கு எப்படிப் போடுவது. பையன் இந்தியாவுக்குப் போனால் ஏமாறக் கூடாது. அவ்வளவுதான் அன்றைய கனவு. அடையாளம் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதற்கு ஆபத்தே வரவில்லை. கடிதம், ஒப்பந்தம், கணக்கு எல்லாம் ஜூல்ஃபா வழக்கு ஆர்மேனிய மொழியில்தான் நடந்தன, வெளியாள் படித்தாலும் புரியாது. மொழிதான் தொழில் ரகசியம். அப்படிப்பட்ட மொழியைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க உணர்ச்சிகரமான பேச்சு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்த நிலை தேய்ந்துகொண்டே வந்தது. நியூ ஜூல்ஃபா பாரசீக அரசியல் குழப்பத்தில் நொறுங்கியது. கடல் வணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது. மதராஸில் இருந்த ஆர்மேனியப் பெரும்பணக்காரர்களுக்கு முதன்முறையாக ஒரு பயம் வந்தது: கையில் காசு இருக்கிறது, பின்னால் நாடு இல்லை. இவர்களில் ஒருவர்தான் ஷஹாமிர் ஷஹாமிரியான். பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில், அதாவது ஆர்மேனியன் தெருவில், இன்றும் நிற்கும் மாதா கோவில் இப்போதிருக்கும் வடிவில் எழுந்த 1772-ஆம் ஆண்டை ஒட்டி, அதே ஊரில் அவர் ஓர் ஆர்மேனிய அச்சகத்தையும் நடத்தினார். அவருடைய மகன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மோவ்சஸ் பஹ்ராமியானின் கை பட்டு அங்கிருந்து வந்த ஒரு சிறு நூல், ஆர்மேனிய இளைஞர்களைச் சோம்பல் தூக்கத்திலிருந்து எழுப்புவதே தன் வேலை என்று அறிவித்துக்கொண்டது. சும்மா வீட்டு வாத்தியாராக இருந்தவர், "நம் நாடு ஏன் போனது, எப்படித் திரும்ப வரும்" என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து, 1773 என்று ஆண்டு போட்டு, இல்லாத ஒரு ஆர்மேனியக் குடியரசுக்கு 521 பிரிவுகள் கொண்ட சட்ட வரைவையே அந்த அச்சகம் அச்சடித்தது. ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில் இருந்த தலைமைக் குருவுக்கு இந்த மதராஸ் சமாச்சாரம் பிடிக்கவில்லை, கடுமையாகக் கண்டித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எச்மியாட்சின் மறுபடியும் வரும்.

1794-இல் உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தாராரும்' மதராஸில்தான் வெளிவந்தது; ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் நடத்தினார், 1796 வரை 18 இதழ்கள். அச்சகம் இருந்தது, பத்திரிகை இருந்தது. காலத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு பள்ளி மட்டும் மதராஸில் அமையவில்லை. மதராஸில் சம்பாதித்த பணம் பள்ளிக்காகப் போன இடம் வெனிஸ். எட்வர்ட் ராஃபேல், சாமுவேல் மூராட் என்ற இரண்டு மதராஸ் ஆர்மேனியர்கள் எழுதிவைத்த சொத்தில், வெனிஸ் அருகே சான் லாசரோ தீவில் மடம் வைத்திருந்த மெக்கித்தாரியர் என்ற ஆர்மேனியக் கத்தோலிக்கத் துறவிகள் 1830-களில் பாதுவாவிலும் வெனிஸிலும் பள்ளிகள் திறந்தார்கள். பிற்பாடு மூராட்-ராஃபேல் என்று இரு பெயரும் சேர்ந்த அந்த வெனிஸ் பள்ளியில் ஆட்டோமான் துருக்கியின் சிற்றூர்களிலிருந்து வந்த பையன்கள் ஐரோப்பிய மொழிகளையும் பழைய ஆர்மேனிய மொழியையும் ஒன்றாகப் படித்தார்கள். கவிஞர் டேனியல் வரூஜான் அங்கே படித்தவர்தான், 1915-இல் கொல்லப்பட்டார். மதராஸில் துணியும் வட்டியுமாகச் சேர்த்த காசு, அனத்தோலியாவின் ஒரு கிராமத்துப் பையனை வெனிஸில் கவிஞனாக்கியது என்று சொன்னால் மிகையில்லை. பள்ளி 1997-இல் மூடப்பட்டது.

சரி, கல்கத்தா. அங்கே அஸ்த்வத்ஸத்தூர் மூரத்கானியான் பள்ளிக்கென்று உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார்; மனத்ஸகான் வர்தானியான் சமூகத்திடம் மேலும் வசூல் செய்து 1821 ஏப்ரலில் பள்ளியைத் திறந்தார். அப்போது நகரம் ஆங்கிலேய இந்தியாவின் தலைநகர். ஆர்மேனிய வணிகருக்கு வியாபாரம் இனி ஜூல்ஃபா கடிதங்களில் இல்லை, கம்பெனியின் ஆங்கிலத்தில் இருக்கிறது. பையன் ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் இரண்டு தலைமுறையில் ஆங்கிலேயனாகிவிடுவான். போகாவிட்டால் பிழைப்பு இல்லை. ஆங்கிலத்தையும் நாமே கற்றுக்கொடுப்போம், கூடவே ஆர்மேனிய மொழியையும் மதத்தையும் வைப்போம் என்பதுதான் இந்தப் பள்ளியின் முதல் சூத்திரம். அங்கே நெடுங்காலம் பாடம் சொன்ன யோவான்னஸ் அவ்தால் இந்தச் சூத்திரத்தின் மனித வடிவம்: ஆர்மேனிய வரலாற்று நூல் ஒன்றை 1827-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலம், ஆங்கிலேயருக்கு ஆர்மேனியர் யார் என்ற விளக்கம், இரண்டும் ஒரே ஆளின் மேசையிலிருந்து.

பெண் பிள்ளைகள்? முதலில் அவர்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எழுத்தாளர் மெஸ்ரோப் தாகியாதியான், அதே நகரத்தில் பத்திரிகை நடத்திக்கொண்டே, 1840-களின் நடுவில் ஆண் பெண் இருவருக்குமாக ஒரு பள்ளி நடத்திப் பார்த்தார்; அது ரொம்ப நாள் ஓடவில்லை. டேவிடியன் பெண்கள் பள்ளி வர 1922 ஆனது, பிறகு 1949-இல் அது ஆண்கள் பள்ளியோடு சேர்ந்தது. நூறு வருடத் தாமதம். வீட்டில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது என்பதைப் பெரும்பாலும் அம்மாதான் தீர்மானிக்கிறாள் என்பது எல்லாச் சமூகத்துக்கும் தெரியும். தெரிந்தும் மொழியைக் காப்பாற்றப் பள்ளி திறந்தவர்கள் ஆண்பிள்ளைகளுக்கே திறந்தார்கள்.

இந்த வணிகர் பள்ளிகளின் காலம் 1915-இல் அடியோடு மாறுகிறது. ஆட்டோமான் பேரரசில் நடந்த இனப்படுகொலையில் தப்பியவர்கள் சிரியா, லெபனான், எகிப்து, கிரீஸ், சைப்ரஸ் என்று சிதறினார்கள், அதில் ஆயிரக்கணக்கானோர் அநாதைக் குழந்தைகள். துருக்கி மொழியோ குர்து மொழியோ அரபியோ மட்டும் பேசிய குழந்தைகள் நிறைய. சிலருக்குத் தங்கள் பெயரே சரியாகத் தெரியாது. இவர்களுக்கான பள்ளி முதலில் பிள்ளையை ஆர்மேனியனாக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சைப்ரஸின் நிகோசியாவில் 1926-இல் எழுந்த மெல்கோனியன் கல்வி நிலையம் அப்படிப்பட்டது. எகிப்தில் புகையிலை வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த கிரிகோர், கராபெத் என்ற மெல்கோனியன் சகோதரர்கள் சொத்து முழுவதையும் கொடுத்தார்கள். முதலில் வந்த அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு முன்னால் மரக்கன்றுகள் நட்டார்கள், கொல்லப்பட்ட தங்கள் சொந்தக்காரர்களின் நினைவாக. அது வளர்ந்து சிறு காடானது. பின்னாளில் உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஆர்மேனியப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியாக அது மாறியது. 2005-இல், முன்னாள் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியும், பள்ளியை நடத்திவந்த ஆர்மேனியப் பொது நற்பணிச் சங்கம் மூடிவிட்டது. பள்ளியின் காலம் முடிந்துவிட்டது என்பது சங்கத்தின் வாதம், நிலத்தின் மதிப்புதான் காரணம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். என்னைக் கேட்டால், மாணவர் குறைவதும் செலவு ஏறுவதும் உண்மைப் பிரச்சினைகள்தான், ஆனால் மேற்கு ஆர்மேனியம் என்ற மொழிக்கு நாடு கடந்து பிள்ளைகள் ஒன்றாக வாழும் விடுதி என்பது வேறெங்கும் வாங்க முடியாத வசதி. அதை இழந்தது பெரிய தவறு. மொழி வகுப்பறையில் வளர்வதைவிட விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகு நடக்கும் சண்டையிலும் கிசுகிசுவிலும்தான் வளர்கிறது.

பெய்ரூட்டின் ஜெமாரான் பள்ளி இன்னொரு வகை. 1930-இல் திறந்தது. தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால் கனவு என்னவென்று உடனே புரிந்துவிடும். லெவோன் ஷாந்த், நாடகாசிரியர், 1918 முதல் 1920 வரை இருந்த முதல் ஆர்மேனியக் குடியரசின் நாடாளுமன்றத்தில் துணைத் தலைவர். நிகோல் அக்பாலியான், அதே குடியரசின் கல்வி அமைச்சர். 1950-களின் தொடக்கத்திலிருந்து 1969-இல் இறக்கும்வரை பள்ளியின் தலைவராக இருந்த சிமோன் வ்ரத்ஸியான், அந்தக் குடியரசின் கடைசிப் பிரதமர். நாட்டை போல்ஷ்விக்குகளிடம் இழந்த குடியரசின் தலைவர்கள் சிலர், அரபு ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது ஓய்வுகாலப் பொழுதுபோக்கு இல்லை. அரசு போய்விட்டது, அரசு செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றை மட்டுமாவது அரசு இல்லாமலேயே செய்வோம் என்ற முடிவு. எனவே ஜெமாரான் சாதாரண மாணவர்களை மட்டும் உருவாக்க நினைக்கவில்லை. அலெப்போவுக்கும் தெஹ்ரானுக்கும் அமெரிக்காவுக்கும் போகக்கூடிய ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், கட்சிக்காரர்கள் என்று ஒரு தலைமை வரிசையையே உருவாக்க நினைத்தது. கலிஃபோர்னியாவில் பிறந்து, ஆர்மேனிய மொழி சரியாக வராத ரிச்சர்ட் ஹோவனிஸியான் என்ற இளைஞர் 1950-களின் நடுவில் அங்கே போய் வ்ரத்ஸியானிடம் மொழி படித்தார். பிறகு அமெரிக்காவில் அதே முதல் குடியரசின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். முன்னாள் பிரதமர் பாடம் எடுத்ததற்கு இதைவிட நேரடியான பலன் வேண்டுமா.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெமாரான், முதல் குடியரசை ஆண்ட தஷ்னாக் கட்சியின் பண்பாட்டு அமைப்பான ஹமஸ்காயினின் பள்ளி. மற்றக் கட்சிக்காரர்களுக்கு வேறு பள்ளி, கத்தோலிக்க ஆர்மேனியருக்கு வேறு, புராட்டஸ்டண்டுகளுக்கு வேறு. ஒரே பேட்டையில், ஒரே மொழியில், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் மூன்று நான்கு பள்ளிகள். சமூகம் பெரிதாக இருந்தபோது போட்டி நல்லதைச் செய்தது. லெபனான் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆட்கள் கிளம்பிப் போகத் தொடங்கியதும் இதே பிரிவினை சுமையாகிவிட்டது. ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். தன் பள்ளியோடு மற்றது வந்து சேரட்டும் என்பதுதான் ஒவ்வொருவர் மனதிலும்.

சரி, வகுப்பறைக்குள் போவோம். ஆர்மேனியப் புலம்பெயர் பள்ளியில் முதல் வகுப்பின் பெரிய விழா, எழுத்து படித்து முடித்த விழா. பிள்ளைகள் அட்டையில் வெட்டிய ஒவ்வொரு எழுத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் வரிசையாக நிற்பார்கள், மொத்தம் 38 எழுத்து, பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஒருவருக்கே இரண்டு மூன்று. இவற்றில் 36 எழுத்துகளை 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த மெஸ்ரோப் மஷ்தோத்ஸின் படம் பின்னால் தொங்கும். அக்டோபரில் மொழிபெயர்ப்பாளர் திருநாள் என்று ஒன்று வரும். வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களைத் திருச்சபை புனிதர்களாக வைத்துக் கும்பிடுகிறது. எழுத்துக்கும் மதத்துக்கும் இப்படி ஒரு முடிச்சு இருப்பதால், நம்பிக்கை இல்லாத ஆசிரியர்கூட பள்ளியிலிருந்து திருச்சபையைப் பிரிக்க முடியாது.

அழகான விழா, ஆனால் அடுத்த நாள் காலை கணக்குப் பாடம் எந்த மொழியில்? இங்கேதான் எல்லாம் முடிவாகிறது. மொழிப் பாடம், வரலாறு, வேதபாடம் மூன்றும் ஆர்மேனிய மொழியிலும், கணக்கும் அறிவியலும் அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ என்பதுதான் பெரும்பாலான இடங்களில் கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஆர்மேனிய மொழியில் இல்லையே, பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை இதிலிருந்து ஒரு பாடத்தைத் தானாகவே கற்றுக்கொள்கிறது: ஆர்மேனிய மொழி தாத்தா பாட்டிக்கும் துக்கத்துக்கும் ஆனது, உலகம் இன்னொரு மொழியில் இருக்கிறது. இடைவேளையில் மாணவர்கள் ஆங்கிலத்திலோ அரபியிலோ பேசிக்கொண்டிருக்க, அந்த வழியாகப் போகும் ஆசிரியர் "ஹயெரென்! ஹயெரென்!" (ஆர்மேனிய மொழியில் பேசு!) என்று அதட்டிவிட்டுப் போவது உலகம் முழுக்க இருக்கும் காட்சி, அவர் தலை மறைந்ததும் பேச்சு பழைய மொழிக்கே திரும்பும். அதட்டலில் வளர்ந்த மொழி எதுவும் கிடையாது. சிரிக்கவும் கேலி செய்யவும் பந்தாடவும் பயன்படாத மொழி பாடமாக மட்டுமே மிஞ்சும், பாடமாக மிஞ்சும் மொழி தேர்வோடு போகும்.

இன்னொரு சிக்கல், எந்த ஆர்மேனியம் என்பது. ஆட்டோமான் பகுதியிலிருந்து சிதறியவர்களுடையது மேற்கு ஆர்மேனியம். ஆர்மேனியக் குடியரசிலும் ஈரானிலும் பேசுவது கிழக்கு ஆர்மேனியம். வினைச்சொல் அமைப்பும் உச்சரிப்பும் வேறு. போதாததற்கு சோவியத் ஆட்சி 1922-இல் எழுத்துக்கூட்டலையும் மாற்றியது, புலம்பெயர்ந்தவர்கள் அதை ஏற்காமல் பழையதையே பிடித்துக்கொண்டார்கள். ஆக, பெய்ரூட்டில் அச்சான பாடப்புத்தகத்தை ஆர்மேனியாவின் தலைநகரான யெரெவானின் பிள்ளை தடவித்தான் படிக்க வேண்டும், யெரெவான் புத்தகம் பெய்ரூட் பிள்ளைக்குப் பிழை மலிந்ததாகத் தோன்றும். மேற்கு ஆர்மேனியத்தை யுனெஸ்கோ 2010-இல் அழியும் ஆபத்துள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு நாடு கிடையாது, அதை அரசு மொழியாக நடத்தும் இடம் உலகில் ஒன்றுகூட இல்லை. பள்ளிதான் அதற்கு நாடு. இதனால்தான் பெய்ரூட்டிலும் இஸ்தான்புல்லிலும் ஒரு ஆர்மேனியப் பள்ளி மூடுவதென்றால் அங்கே அவ்வளவு கலவரம்.

இஸ்தான்புல் கதை தனி. 1923-இன் லோசான் உடன்படிக்கை சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைக் கொடுத்தது, அரசு நியமிக்கும் துருக்கியத் துணைத் தலைமையாசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் உட்கார்ந்திருப்பார். அங்கே கல்விக் கனவு பற்றி எழுதி வைப்பதைவிட எழுதாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது இதற்கு நேர் எதிரான இடம், லாஸ் ஏஞ்சலிஸ். 1964-இல் அங்கே ஃபெராஹியான் பள்ளி தொடங்கியபோது அமெரிக்காவில் முழுநேர ஆர்மேனியப் பள்ளி என்பதே புதுசு; அதுவரை சனிக்கிழமைப் பள்ளி, வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம், எழுத்து, பாட்டு, நடனம், அவ்வளவுதான். பிறகு பெய்ரூட்டிலிருந்தும் தெஹ்ரானிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் பள்ளிப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், பள்ளிகள் பெருகின. யாரும் மிரட்டவில்லை, கொல்லவில்லை, மொழிக்குத் தடை இல்லை. அங்கே பயம் வேறு மாதிரி: பிள்ளை சுகமாகக் கரைந்துபோய்விடும். எதிராளியே இல்லாத இடத்தில் அடையாளத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பக்கத்து ஊரான க்ளெண்டேலில் ஆர்மேனியர் அவ்வளவு பேர் இருப்பதால், அரசுப் பள்ளி நிர்வாகமே ஆங்கிலமும் ஆர்மேனிய மொழியும் சரிபாதியாக நடக்கும் வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது, ஏப்ரல் 24 இனப்படுகொலை நினைவு நாளுக்கு விடுமுறையும் விடுகிறது. பணம் கட்டிப் படிக்கவைக்கும் பெற்றோர் கேட்பார்களா மாட்டார்களா: அப்புறம் உங்கள் பள்ளி எதற்கு? பள்ளிகள் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டு, நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும், நம்மவர்கள் மத்தியில் வளரும். இரண்டாவது பதில்தான் உண்மையான பதில். மொழி என்ற வாதத்தை அரசுப் பள்ளி வாங்கிக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பது சமூகம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்தால் அந்தப் பள்ளி செய்வது புரியத் தொடங்கும். 1947-க்குப் பிறகு அங்கிருந்த ஆர்மேனியர்கள் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய சொத்து கிளம்பவில்லை. தேவாலயங்கள், கட்டடங்கள், அறக்கட்டளைப் பணம், முதியோர் இல்லம் எல்லாம் அங்கேயே. ஹாங்காங்கில் பெரும் செல்வம் சேர்த்த கல்கத்தா ஆர்மேனியர் பால் சேட்டர் போன்றவர்கள் எழுதிவைத்ததும் அதில் அடக்கம். (சேட்டர் படித்தது ஆர்மேனியப் பள்ளியில் இல்லை, லா மார்ட்டினியர் என்ற ஆங்கிலப் பள்ளியில். பள்ளிக் கனவுகளுக்கும் வாழ்க்கைக்கும் அவ்வளவுதான் சம்பந்தம் என்று சிலர் சிரிப்பார்கள்.) பிள்ளைகள் நெடுங்காலம் ஈரானிலிருந்து, நியூ ஜூல்ஃபா காலத்துப் பழைய பாதையிலேயே வந்துகொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் வற்றி, 1990-களில் பள்ளியில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் எச்மியாட்சின் தலைமைத் திருச்சபை நிர்வாகத்தைக் கையில் எடுத்து, ஆர்மேனியாவிலிருந்தே பிள்ளைகளை அழைத்துவரத் தொடங்கியது. மதராஸ் ஆர்மேனியர்களின் புத்தகத்தைச் சபித்த அதே இருக்கை, இரு நூற்றாண்டு கழித்து இந்திய ஆர்மேனியர்களின் கடைசிப் பள்ளியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

அப்படியானால் இந்தப் பள்ளியில் எந்தப் பயம்? கட்டடத்துக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயம். ஜனவரி 6 ஆர்மேனியக் கிறிஸ்துமஸ். அன்று பூசையில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் சிலுவையை முக்கி எடுத்து, அந்தத் தண்ணீரை எல்லோருக்கும் கொடுப்பார்கள். 1724-இல் எழுந்த நாசரேத் தேவாலயத்தில் அதை வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்கிறவர்கள், பாடகர் குழுவில் நிற்கிறவர்கள், சிலுவைக்குப் பின்னால் நடக்கிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான். இவர்கள் இல்லாவிட்டால் பாதிரியாரும் காவலாளியும் வெளியூரிலிருந்து வந்த சில குடும்பங்களும் மட்டும் இருப்பார்கள். மற்ற ஊர்களில் சமூகம் பள்ளியை வைத்திருக்கிறது, இங்கே பள்ளிதான் சமூகத்தை வைத்திருக்கிறது.

பெற்றோருக்கு என்ன லாபம் என்றால், சுலபமான பதில், ஆங்கிலம். ஆர்மேனியாவின் ஒரு சிறு நகரத்திலோ ஈராக்கின் போருக்குப் பிந்தைய ஊரிலோ இருக்கும் குடும்பத்துக்கு இலவசமான ஆங்கிலவழிக் கல்வி, அதுவும் தன் திருச்சபையின் கண்காணிப்பில் கிடைக்கிறது. மற்ற புலம்பெயர் பள்ளிகள் வெளி மொழியில் முங்கிய பிள்ளைக்கு ஆர்மேனிய மொழியைக் கொடுக்கப் போராடுகின்றன. இது ஆர்மேனிய மொழியில் முங்கிய பிள்ளைக்கு வெளி மொழியைக் கொடுக்கிறது. 1821-இன் சூத்திரம் திரும்பிவிட்டது என்றுகூடச் சொல்லலாம், ஆங்கிலத்தை நாமே கற்றுக்கொடுப்போம் என்ற அதே சூத்திரம்.

விமர்சனம் இல்லாமல் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுவருவது தேவாலயத்தை நிரப்பவா, பிள்ளைக்காகவா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. அவ்வளவு பணத்தையும் யெரெவானில் ஒரு நல்ல ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செலவு செய்தால் இன்னும் நிறைய பேர் படிப்பார்கள் என்ற வாதமும் கணக்குப்படி சரி. ஆனால் உயில் எழுதியவர்கள் பணத்தைக் கல்கத்தாவுக்கு எழுதினார்கள். அறக்கட்டளைச் சொத்து என்பது இறந்தவர்களின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது, இப்போதிருப்பவர்கள் நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுற்றி இருக்கும் வங்காளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், பள்ளி பிழைத்துக்கொள்ளும், ஆர்மேனியப் பள்ளி என்ற பெயர் பலகையில் மட்டும் இருக்கும்; கொல்கத்தாவில் அப்படிப் பெயர் மட்டும் மிஞ்சிய பழைய நிறுவனங்கள் எத்தனையோ.

நான் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். படித்து முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தியாவில் தங்குவதில்லை, ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடுகிறார்கள். பத்து வருடம் கொல்கத்தாவில் வளர்ந்து, ஹிந்தி தெரிந்து, தெரு வங்காளி தெரிந்து, ரக்பியில் இந்திய அணிவரை போன பையன்கள் இருக்கும் பள்ளியிலிருந்து, மதராஸ், கல்கத்தா, சூரத் ஆர்மேனியர்களின் ஆவணங்களையும் கல்லறை எழுத்துகளையும் பழைய அச்சுப் பிரதிகளையும் வாசித்து ஆராயக்கூடியவர்கள் வரிசையாக வெளிவர வேண்டும். அந்தக் கல்லறைகளைப் படிக்கத் தேவையான மொழியும், அவை இருக்கும் ஊரின் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்வது இந்தப் பள்ளியில் மட்டும்தான் நடக்கிறது. பாடத்திட்டத்தில் இந்திய ஆர்மேனியர் வரலாற்றுக்கென்று வாரத்துக்கு இரண்டு பீரியடும், மேல்படிப்புக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையும் வைத்தால், இருக்கும் பணத்திலேயே முடியும்.